வாளைக் காணோமா? ஆன்லைன் உலகத் திருட்டைக் கண்டுபிடிக்கும் வழி

"அண்ணா, என் வாளைக் காணோம்" என்றுதான் பெரும்பாலும் ஆரம்பிப்பார்கள். சில நேரம் வாள், சில நேரம் துப்பாக்கிக்குப் போடும் ஸ்கின் என்ற வண்ணத் தோற்றம், சில நேரம் ஒரு பெட்டி நிறைய வைரம், சில நேரம் காசு கொடுத்து வாங்கிய மெய்நிகர் வீட்டுச் சாமான். நான் ஒரு கில்டின், அதாவது சேர்ந்து விளையாடும் குழுவின், பொதுப் பெட்டகத்துக்குக் கணக்குப் பார்க்கிறவன். நண்பர்கள் விளையாடும் மைன்கிராஃப்ட் சர்வர் ஒன்றையும் கவனித்துக்கொள்கிறேன். அதனால் இந்தப் புலம்பல் எல்லாம் என்னிடம்தான் வந்து சேரும். நான் முதலில் திருப்பிக் கேட்பது: "கடைசியா எப்போ பார்த்தே?"

உருப்படியான பதில் வருவதே இல்லை. "நேத்து இருந்த மாதிரிதான் இருக்கு" என்பார்கள். யார் மேல் சந்தேகம் என்று மட்டும் உடனே ஒரு பெயர் வந்துவிடும்.

மெய்நிகர் திருட்டில் உடைந்த பூட்டு கிடையாது, ஜன்னல் கம்பியும் வளைந்திருக்காது. மிஞ்சுவது ஒரு பதிவு மட்டும்: எந்தக் கணக்கிலிருந்து, எந்தக் கணக்குக்கு, எத்தனை மணிக்கு. நிறுவனத்திடம் முழுப் பதிவும் இருக்கும், நமக்குக் கொஞ்சம் காட்டுவார்கள். அந்தக் கொஞ்சத்தை வைத்தே பாதி வழக்கைத் தீர்த்துவிடலாம். ஆகவே பொருள் எங்கே என்று தேடுவதை விட்டுவிட்டு, அது எப்போது போனது என்று தேடுங்கள். கடைசியாகப் பார்த்த நேரம் ஒன்று, இல்லை என்று தெரிந்த நேரம் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைச் சுருக்கச் சுருக்க, உள்ளே நிற்கும் ஆட்களும் குறைந்துகொண்டே வருவார்கள்.

முதலில், திருட்டுதானா?

என்னிடம் வருகிற புகார்களில் கணிசமானவை திருட்டே இல்லை. வேறு கேரக்டரில் நுழைந்திருப்பார்கள், வேறு சர்வரில் இருப்பார்கள். பொருளைச் சந்தையில் விற்பனைக்குப் போட்டுவிட்டு மறந்திருப்பார்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் ஏலத்தில் விலை போகாத பொருள் தபால்பெட்டிக்குத் திரும்பி வரும், 30 நாள் யாரும் எடுக்காவிட்டால் அழிந்துவிடும். இரண்டு மாதம் விளையாடாமல் இருந்துவிட்டு வந்து "களவு போச்சு" என்று சொல்கிற ஆளிடம் நான் முதலில் கேட்பது தபால்பெட்டியைப் பற்றித்தான்.

செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகில் இது இன்னும் குழப்பும். நீங்கள் பிறர் நிலத்தில் வைத்த நாற்காலியை நிலக்காரர் திருப்பி அனுப்பினால், அது இன்வென்டரியில், அதாவது உங்கள் உடைமைப் பட்டியலில், 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்ற கோப்புறைக்குள் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துவிடும். அப்புறம், இன்வென்டரி பெரிதாக இருந்தால் சில நாள் முழுசாக ஏறாது. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துக்குப் போய், கேஷ் என்ற தற்காலிகக் கோப்புகளை அழித்துவிட்டு, மறுபடி லாகின் செய்து, தேடும் பெட்டியில் ஏதாவது எழுத்தைத் தட்டிக் காத்திருந்தால் எண்ணிக்கை ஏறுவதைப் பார்க்கலாம். ஏறி முடிந்த பிறகும் இல்லையென்றால்தான் அடுத்த கட்டம்.

இன்னொன்றும் உண்டு. வீட்டிலேயே தம்பியோ தங்கையோ அதே கம்ப்யூட்டரில் உட்கார்கிறார்களா? பாஸ்வேர்டு சேமித்து வைத்த பிரவுசரா? அதட்டாமல் கேளுங்கள். நண்பனோடு பண்டமாற்று செய்து நஷ்டப்பட்ட சின்னப் பிள்ளை, அதட்டினால் வாயே திறக்காது.

அவன் இன்னும் உள்ளே இருக்கிறானா?

திருட்டுதான் என்று தோன்றியதும் எல்லோரும் பாஸ்வேர்டு மாற்றத்தான் ஓடுவார்கள். நான் ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்வேன். பொருட்கள் இந்த நொடியும் போய்க்கொண்டிருந்தால், அதாவது பக்கத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் எண்ணிக்கை குறைந்தால், வேறு எதையும் பார்க்காமல் கதவை அடைத்துவிடுங்கள். வேறொரு சுத்தமான கருவியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றும் பொத்தானையும் அழுத்துங்கள். மின்னஞ்சலுக்கும் அதையே செய்யுங்கள். ஆனால் எல்லாம் அடங்கி, அவன் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டான் என்றால், முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தற்போது யார் லாகின் செய்திருக்கிறார்கள், எந்தக் கருவி, எந்த ஊர் என்ற பட்டியல் எல்லோரையும் வெளியேற்றியதும் காலியாகிவிடும். அதுதான் உங்கள் முதல் தடயம்.

சுத்தமான கருவி என்று நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இப்போதைய திருடர்கள் பலர் பாஸ்வேர்டைத் தேடுவதே இல்லை. நீங்கள் ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கிறீர்கள் என்பதற்கு அடையாளமாக பிரவுசரில் இருக்கும் குக்கீயைத் திருடுகிறார்கள். விளையாட்டை மாற்றியமைக்கும் 'மோட்', ஏமாற்றிச் செயல்படும் 'சீட்', "நான் செய்த புது கேமை டெஸ்ட் பண்ணித் தா" என்று வரும் கோப்பு, இவற்றுக்குள் ஒளிந்திருக்கும் மால்வேர் அதை அள்ளிக்கொண்டு போகும். அந்தக் குக்கீயோடு வருகிறவனிடம் இரண்டடுக்குச் சரிபார்ப்பு எதையும் கேட்காது, புது லாகின் என்று எச்சரிக்கையும் வராமல் போகலாம். "லாகின் பட்டியலில் வேறு யாரும் இல்லை, அப்புறம் எப்படிப் போச்சு?" என்று குழம்புகிறவர்களுக்குப் பதில் பல நேரம் இதுதான். மால்வேர் இருக்கிற அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து புதுப் பாஸ்வேர்டு போட்டால், புதியதும் அவனுக்கே போகும்.

ரோப்ளாக்ஸின் குக்கீ, இதை யாரிடமும் கொடுக்காதே என்ற எச்சரிக்கை வாசகத்தோடுதான் தொடங்குகிறது. அப்படியும் பிரவுசரின் டெவலப்பர் பகுதியைத் திறக்கச் சொல்லி, அதில் வருவதை நகலெடுத்து அனுப்பச் சொல்லிப் பிள்ளைகளை ஏமாற்றுகிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையின் லிமிடெட் என்ற அரிய பொருள் போயிருந்தால், "யாராவது எதையாவது காப்பி பண்ணி அனுப்பச் சொன்னாங்களா?" என்று கேட்டுப் பாருங்கள்.

நேரத்தை வரிசையாக அடுக்குங்கள்

ஒரு தாளை எடுங்கள், அல்லது ஒரு விரிதாள். இடது பக்கம் நேரம், அடுத்து என்ன நடந்தது, அடுத்து அது எங்கே பதிவாகியிருக்கிறது. மூன்று இடத்திலிருந்து சேகரிக்க வேண்டும்: விளையாட்டின் பரிவர்த்தனை வரலாறு, லாகின் வரலாறு, மின்னஞ்சல்.

நேர மண்டலத்தில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுவார்கள். விண்வெளி விளையாட்டான ஈவ் ஆன்லைனின் கடிகாரம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். செகண்ட் லைஃப் ஓடுவது அமெரிக்காவின் பசிபிக் நேரத்தில். உங்கள் மின்னஞ்சல் உங்கள் ஊர் நேரத்தைக் காட்டும். ஒரே சம்பவம் மூன்று பதிவுகளில் மூன்று மணியாகத் தெரியும், சில சமயம் தேதியே மாறிவிடும். எல்லாவற்றையும் யூடிசிக்கு மாற்றிவிட்டு அப்புறம் வரிசைப்படுத்துங்கள். "நான் தூங்கிக்கொண்டிருந்தேன், அவன்தான் ஆன்லைனில் இருந்தான்" என்று கில்டில் ஒருவர் மேல் பாய்ந்த பிறகு, கணக்குத் தவறு என்று தெரிந்தால் பேசிய பேச்சைத் திரும்ப எடுக்க முடியாது.

மின்னஞ்சலில் இன்பாக்ஸோடு நிறுத்திவிடாதீர்கள். குப்பைத்தொட்டி, ஸ்பேம், அதையும் தாண்டி ஃபில்டர் அமைப்பு, தானாக வேறு முகவரிக்கு அனுப்பும் அமைப்பு எல்லாவற்றையும் பாருங்கள். மின்னஞ்சலுக்குள் நுழைந்த திருடன் முதலில் செய்வது, அந்த விளையாட்டு நிறுவனத்தின் பெயர் வந்தால் படித்ததாகக் குறித்து நேரே குப்பைக்கு அனுப்பு என்று ஒரு விதி எழுதுவது. நீங்கள் எழுதாத ஒரு ஃபில்டர் அங்கே இருந்தால் விளையாட்டுக் கணக்கை விடுங்கள், ஓட்டை மின்னஞ்சலில் இருக்கிறது. எல்லாவற்றையும் அங்கிருந்துதான் சரிசெய்ய வேண்டும்.

பெரிய திருட்டுக்கு முன்னால் பல நேரம் ஒரு சின்ன அசைவு இருக்கும். மலிவான பொருள் ஒன்று முன்பின் தெரியாத கணக்குக்குப் போயிருக்கும். நண்பர் பட்டியலில் புதிதாக ஒரு பெயர் இருக்கும். படிக்காத தபால் படித்ததாக இருக்கும். நீங்கள் மூடி வைத்த சந்தைப் பக்கம் திறந்திருக்கும். வழி திறக்கிறதா என்று அவன் தட்டிப் பார்த்த நேரம் அது. தாளில் அதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள், அவன் எப்போது நுழைந்தான் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஸ்டீமில் ஒரு திருட்டைப் பக்கத்தில் நின்று பார்த்தால்

2015 டிசம்பரில் ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனமே சொன்ன கணக்கு: மாதத்துக்குச் சுமார் 77,000 கணக்குகள் பறிக்கப்பட்டுச் சூறையாடப்பட்டன. அதற்குப் பிறகு மொபைல் உறுதிப்படுத்தல், டிரேடை, அதாவது பொருள் கைமாற்றத்தை, நிறுத்தி வைத்தல் என்று பூட்டு மேல் பூட்டாகப் போட்டார்கள். திருடர்களும் புது வழி கண்டுபிடித்தார்கள். அதில் ஒன்று எனக்கு மிகக் கெட்டிக்காரத்தனமாகத் தோன்றும்.

நீங்கள் ஸ்கின் விற்க ஒரு தளத்துக்குப் போகிறீர்கள். அல்லது ஒரு போட்டியில் நண்பனுக்கு ஓட்டுப் போடச் சொல்லி இணைப்பு வருகிறது. ஸ்டீம் லாகின் பெட்டி போலவே ஒன்று திறக்கும். முகவரிப் பட்டையும் பூட்டுச் சின்னமும் சரியாகத் தெரியும். ஆனால் அது தனி ஜன்னல் இல்லை, அந்தப் பக்கத்துக்குள்ளேயே வரைந்து வைத்த படம். பெட்டியைப் பிடித்து பிரவுசர் ஜன்னலின் ஓரத்தைத் தாண்டி இழுத்துப் பாருங்கள். உண்மையான ஜன்னல் வெளியே வரும், வரைந்த பெட்டி ஓரத்தில் முட்டி நிற்கும். இந்தச் சோதனைக்கு இரண்டு நொடி போதும்.

அதில் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டால் அவன் உடனே எதையும் எடுக்க மாட்டான். உங்கள் கணக்கில் ஒரு ஏபிஐ கீ உருவாக்கிக்கொள்வான். நிரல் எழுதுகிறவர்களுக்காக ஸ்டீம் கொடுக்கும் சாவி அது, சாதாரணமாக விளையாடுகிறவருக்குத் தேவையே இல்லை. அதை வைத்து உங்கள் டிரேடுகளைக் கவனித்துக்கொண்டே இருப்பான். நாட்கள் போகும். ஒருநாள் நீங்கள் உண்மையான நண்பனுக்கோ உண்மையான விற்பனைத் தளத்தின் தானியங்கிக் கணக்குக்கோ டிரேடு அனுப்புவீர்கள். அடுத்த நொடியே அது ரத்தாகும். அதே படம், அதே பெயர் கொண்ட வேறொரு கணக்குக்கு அதே பொருட்களோடு புது டிரேடு போகும். உங்கள் மொபைலில் உறுதிப்படுத்தச் சொல்லி வரும். நீங்கள் அதற்காகத்தானே காத்திருக்கிறீர்கள்? கட்டைவிரலால் நீங்களே அழுத்திக் கொடுத்துவிடுவீர்கள்.

இதைக் கண்டுபிடிக்கும் இடம் டிரேடு வரலாறு. ஒரே நிமிடத்தில், ஒரே பொருட்களுக்கு இரண்டு டிரேடு, முதலாவது ரத்து, இரண்டாவது முடிந்தது. அப்படி ஒரு ஜோடி தெரிந்தால் வேறு விளக்கம் தேட வேண்டாம். ஸ்டீமின் ஏபிஐ கீ பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். நீங்கள் கேள்விப்படாத ஏதோ ஒரு டொமைன் பெயரில் கீ இருந்தால் அதை ரத்து செய்யுங்கள், டிரேடு முகவரியைப் புதிதாக உருவாக்குங்கள், எல்லாக் கருவிகளையும் வெளியேற்றுங்கள். பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள்.

இன்னும் போகவில்லை, போகும் நேரத்தில்தான் இருக்கிறீர்கள் என்றால் மொபைலில் எதிர்த்தரப்பின் லெவலையும் எந்த ஆண்டிலிருந்து கணக்கு வைத்திருக்கிறார் என்பதையும் படியுங்கள். பெயரையும் படத்தையும் யாரும் நகலெடுக்கலாம். கணக்கு தொடங்கிய தேதியை நகலெடுக்க முடியாது.

கவுன்டர் ஸ்டிரைக் 2 விளையாடுகிறவர்களுக்கு 2025 ஜூலையிலிருந்து ஒரு சலுகை: டிரேடில் போன பொருள் 7 நாள் பாதுகாப்பில் இருக்கும், அதற்குள் நீங்களே திருப்பி இழுத்துக்கொள்ளலாம். எட்டாம் நாள் போய் நின்றால் ஒன்றும் நடக்காது. கணக்கை விட்டுப் போன பொருளை மீட்டுத் தருவதில்லை என்பதுதான் ஸ்டீம் ஆதரவுப் பிரிவின் பொதுவான நிலை. அதனால் வாரத்துக்கு ஒருமுறையாவது வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து பார்ப்பவர் தப்பித்துக்கொள்வார்.

போன ஸ்கின்னை அடையாளம் காணவும் ஒரு வழி உண்டு. ஸ்டீமில் ஒரு பொருளின் அடையாள எண் கைமாறும்போதெல்லாம் மாறிவிடும், அதை நம்பித் தேட முடியாது. ஆனால் ஸ்கின்னின் தேய்மான எண் இருக்கிறதே, பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் நீளமான தசமமாக வருமே, ஃப்ளோட் என்பார்கள், அது பிறந்தபோது இருந்தபடியே கடைசி வரை இருக்கும். எத்தனை பேரிடம் போனாலும், எவ்வளவு விளையாடினாலும் மாறாது. வடிவ எண்ணும் அப்படியே. விலை உயர்ந்தது எதுவானாலும் வாங்கிய அன்றே இந்த இரண்டையும் குறித்து வைத்துவிட்டால், நாளைக்கு அது எந்தச் சந்தையில் தலைகாட்டினாலும் "இது என்னுடையது" என்று கைகாட்டலாம்.

பொதுப் பெட்டகம் குறைந்தால்

வெளியாள் திருடினால் கோபம் வரும், கூட்டாளி திருடினால் கில்டே கலைந்துவிடும். வேலியே பயிரை மேய்கிற கதை ஆன்லைன் உலகில் சர்வசாதாரணம். ஆகவே பெட்டகத்தில் கைவைக்கும் உரிமை யாருக்கு என்ற பட்டியலை முதலில் எடுங்கள். அடிக்கடி அங்கேதான் அதிர்ச்சி காத்திருக்கும். ஒரு வருடமாக வராத ஆளுக்கும் முழு உரிமை இருக்கும். அந்தப் பழைய கணக்கு பறிபோயிருந்தால், நண்பனின் பெயரில் வருகிறவன் நண்பனாக இருக்கமாட்டான்.

வார்கிராஃப்டின் கில்டு பெட்டகத்தில் யார் எடுத்தார், வைத்தார் என்ற பதிவு உண்டு, ஆனால் சமீபத்திய வரிகள் மட்டுமே நிற்கும். விவரம் தெரிந்த திருடன் எடுத்த பிறகு துண்டு துணி, ஒன்றுக்கும் உதவாத மூலிகை என்று மாற்றி மாற்றி வைத்தும் எடுத்தும் பதிவை உருட்டிவிடுவான். யாராவது காரணமில்லாமல் மலிவுப் பொருளை நிறைய முறை வைத்து எடுத்திருந்தால், அந்த வரிகளுக்கு முன்னால் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி. நான் பெட்டகத்தின் பதிவை அவ்வப்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுவேன். ஈவில் கொள்கலன்களில் பதிவு வைத்துக்கொள்ளும் வகை ஒன்று தனியாகவே உண்டு, பொதுச் சொத்தை அதில்தான் வைக்க வேண்டும்.

மைன்கிராஃப்ட் சர்வர் நடத்துகிறவருக்கு வேலை சுலபம். கோர்ப்ரொடெக்ட் என்ற பிளகினை, அதாவது கூடுதல் நிரலை, போட்டுவிடுங்கள். இன்ஸ்பெக்ட் கட்டளையைத் தட்டிவிட்டு வைரம் இருந்த பெட்டியை வலது கிளிக் செய்தால், யார், எத்தனை மணி நேரத்துக்கு முன், எதை எத்தனை எடுத்தார் என்று வரி வரியாக வரும். சண்டை அங்கேயே முடிந்துவிடும். பிளகினைப் போட்ட நாளிலிருந்துதான் அதற்கு நினைவு, அதனால் திருட்டு நடக்கும் வரை காத்திருக்காதீர்கள்.

எந்தப் பெயரும் வராமல் பெட்டி மட்டும் காலியானால் என்ன? பெட்டியின் அடியைத் தோண்டுங்கள். பெட்டிக்கு நேர் கீழே ஹாப்பர் என்ற புனலையும் அதனடியில் இன்னொரு பெட்டியையும் வைத்துவிட்டால் போதும், யாரும் மூடியைத் திறக்காமலேயே பொருட்கள் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். ஹாப்பர் நொடிக்கு இரண்டரைப் பொருள் வேகத்தில் இழுக்கும். 27 கட்டத்திலும் 64 வீதம் நிரம்பிய பெட்டியில் 1,728 பொருட்கள், பன்னிரண்டு நிமிடத்துக்குள் சுத்தமாகத் துடைத்துவிடும். பெட்டி ஆட்கள் எடுப்பது போல அங்கங்கே காலியாகாமல், முதல் கட்டத்திலிருந்து வரிசையாகக் குறைந்துகொண்டு போனால் எனக்கு மூக்கு வியர்த்துவிடும், ஏனென்றால் ஹாப்பர் அப்படித்தான் எடுக்கும். ஹாப்பர் வைத்த தள்ளுவண்டியைக் கீழே ஓட்டுகிற கெட்டிக்காரர்களும் உண்டு. அவர்கள் விஷயத்தில் வண்டி போயிருக்கும், தண்டவாளம் மட்டும் கிடக்கும். அந்தத் தண்டவாளத்தைப் போட்டது யார் என்று அதே பிளகினிடம் கேளுங்கள்.

போகாமலேயே களவு போவது

செகண்ட் லைஃபில் துணி, முடி, வீடு என்று செய்து விற்பவர்களுக்கு வேறு மாதிரித் தொல்லை. பொருள் உங்களிடம்தான் இருக்கும், அதன் நகல் வேறு கடையில் விற்கும். 2006இல் காப்பிபாட் என்ற கருவி கிளம்பியபோது அங்கே பெரிய கலவரமே நடந்தது, கடைக்காரர்கள் பலர் கடையைச் சாத்தினார்கள். இதைக் கண்டுபிடிக்க இன்வென்டரியைப் பார்த்துப் பயனில்லை. நகலை வலது கிளிக் செய்து படைத்தவர் பெயரைப் பாருங்கள், நகலெடுத்தவனின் பெயர் அங்கே இருக்கும். அப்புறம் உங்கள் வடிவத்தின் குறைகளைத் தேடுங்கள். தையல் கோட்டில் ஒரு கோணல், ஓரத்தில் நீங்கள் வேண்டுமென்றே விட்டுவைத்த ஒரு புள்ளி. அதே கோணல் அங்கேயும் இருந்தால் அது தற்செயல் ஆகாது. மூலக்கோப்பை, அடுக்குகள் பிரியாமல், சேமித்த தேதியோடு வைத்திருப்பவருக்குத்தான் பதிப்புரிமைப் புகாரில் பலம்.

அதே உலகின் நாணயமான லிண்டன் டாலர் கரைந்தால் பரிவர்த்தனை வரலாற்றைப் பாருங்கள். ஏதோ ஒரு இலவசப் பெட்டியைத் தொட்டபோது "உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்க அனுமதி வேண்டும்" என்று கேட்டிருக்கும், ஆமாம் என்று சொல்லியிருப்பீர்கள். பணம் வாங்குவதற்கு அப்படி ஒரு அனுமதி தேவையில்லை. பணம் கொடுப்பதற்குத்தான் தேவை.

பிளாக்செயின் விளையாட்டுகளிலும் இந்த அனுமதி வழியாகத்தான் நிறையப் போகிறது. ஒரு வகை என்எஃப்டி (பிளாக்செயினில் பதிவான தனித்துவமான பொருள்) மட்டும் மொத்தமாகப் போய், வாலட் என்ற உங்கள் டிஜிட்டல் பணப்பையில் இருந்த ஈதர் என்ற கிரிப்டோ நாணயம் அப்படியே இருந்தால், எப்போதோ ஒரு தளத்துக்குக் கொடுத்த அப்ரூவல் என்ற அனுமதிதான் காரணமாக இருக்கும். அப்ரூவல் பட்டியலைப் பார்த்து ரத்து செய்யலாம். நீங்கள் கையெழுத்திடாத பரிவர்த்தனையில் ஈதரும் சேர்ந்து போயிருந்தால் வாலட்டைத் திறக்கும் ரகசியச் சொற்றொடரே வெளியே போய்விட்டது என்று அர்த்தம். அந்த வாலட்டைச் சரிசெய்ய முடியாது, மிச்சத்தைப் புது வாலட்டுக்கு மாற்றுங்கள்.

பிளாக்செயினில் எல்லாம் வெளிப்படை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பார்கள். பார்த்தால்தானே? ஆக்ஸி இன்ஃபினிட்டி விளையாட்டின் ரோனின் பாலத்திலிருந்து (பிளாக்செயின்களுக்கு நடுவே பணத்தை மாற்றும் அமைப்பு) 2022 மார்ச் 23 அன்று 1,73,600 ஈதரும் 2.55 கோடி யுஎஸ்டிசி என்ற டாலர் மதிப்புள்ள நாணயமும் போயின, மொத்தம் 60 கோடி டாலருக்கு மேல். பணம் போக ஒப்புதல் தரும் ஒன்பது சரிபார்ப்பாளர்களில் ஐந்து பேரின் சாவி திருடன் கையில் இருந்தது. அது தெரியவந்தது மார்ச் 29 அன்று, அதுவும் யாரோ ஒரு பயனர் 5,000 ஈதர் எடுக்கப் போய் முடியவில்லை என்று சொன்ன பிறகு. ஆறு நாள் பெட்டகத்தில் எவ்வளவு இருக்கிறது என்று ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. என் கில்டில் பெட்டகக் கணக்கு எழுதுவதைக் கிண்டல் செய்கிறவர்களிடம் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

புகார் எழுதும்போது

எழுதுவதற்கு முன் அந்த உலகத்தின் விதியைப் படியுங்கள். ஈவில் நம்பிக்கைத் துரோகம் விளையாட்டின் ஒரு பகுதி. 2005இல் கைடிங் ஹேண்ட் சோஷியல் கிளப் என்ற கூட்டம் வீரர்கள் நடத்திய ஒரு நிறுவனத்துக்குள் பல மாதம் நல்லவர்களாக நடித்து, ஒரே நாளில் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. விளையாட்டின் நிர்வாகம் தலையிடவில்லை. 2009இல் அங்கே வீரர்களே நடத்திய ஈபேங்க் என்ற வங்கியின் தலைவர் பணத்தை எடுத்துக்கொண்டு போனபோது அவரை விலக்கினார்கள். ஆனால் வாரிக்கொண்டதற்காக விலக்கவில்லை, அதை நிஜப் பணத்துக்கு விற்றதற்காக விலக்கினார்கள். உங்கள் புகார் எந்த விதியின் கீழ் வருகிறது என்று தெரியாமல் எழுதினால் "வருந்துகிறோம்" என்ற தயார்ப் பதில்தான் வரும். கணக்கு பறிக்கப்பட்டது வேறு, ஏமாற்றி வாங்கிக்கொண்டது வேறு. முன்னதற்குப் பல நிறுவனங்கள் உதவும், பின்னதற்குச் சில மட்டுமே. நடுவில் "நான் இந்தத் தளத்தின் ஊழியர், பொருளைச் சரிபார்க்கக் கொடுங்கள்" என்று வந்து, அவனுக்கு ஆதரவாக நாலு கணக்குகள் சாட்சி சொன்னால், வேலிக்கு ஓணான் சாட்சி. அந்த நாலு கணக்குகளும் எப்போது தொடங்கப்பட்டவை என்று குறித்துப் புகாரில் சேருங்கள்.

நீதிமன்றங்கள் இதையெல்லாம் விளையாட்டு என்று தள்ளிவிடுவதில்லை. 2003இல் பெய்ஜிங்கில் ஒரு நீதிமன்றம், ரெட் மூன் விளையாட்டில் ஆயுதங்களை இழந்தவருக்கு அவற்றைத் திருப்பிக் கொடுக்கும்படி விளையாட்டு நிறுவனத்துக்கே உத்தரவிட்டது. 2007இல் நெதர்லாந்தில் 13 வயதுச் சிறுவனை இரண்டு பையன்கள் அடித்து மிரட்டி, ரூன்ஸ்கேப் விளையாட்டில் ஒரு தாயத்தையும் முகமூடியையும் கைமாற்ற வைத்தார்கள். அது நிஜப் பொருளே இல்லை என்று வாதிட்டார்கள். 2012 ஜனவரி 31 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்தச் சிறுவன் போட்ட உழைப்பும் நேரமும் அதற்கு மதிப்பைத் தந்தன, அது அவன் கட்டுப்பாட்டில் இருந்தது, எடுத்தது திருட்டுதான் என்று தீர்ப்பளித்தது.

புகாரில் கோபத்தைக் கொட்டாமல் நீங்கள் தயாரித்த அந்தத் தாளை அப்படியே வையுங்கள். கடைசியாகப் பார்த்த நேரம் யூடிசியில், இல்லை என்று கண்ட நேரம் யூடிசியில், போன பொருட்களின் பெயரும் அடையாள எண்ணும், சந்தேகமான டிரேடின் எண், வாங்கியதற்கான ரசீது. திருடனின் கணக்குக்குப் பெயர் மட்டும் எழுதாதீர்கள், அதை நாளைக்கே மாற்றிவிடுவான். சுயவிவரப் பக்கத்தில் இருக்கும் மாறாத எண்ணை எழுதுங்கள். அவன் யார் என்று சொல்லுங்கள் என்று கேட்டால் தனியுரிமை என்று மறுப்பார்கள், அது எதிர்பார்க்க வேண்டியதே. அதற்குப் பதிலாக இப்படி ஒரு வரி சேருங்கள்: "இந்த நேரத்துக்கும் இந்த நேரத்துக்கும் இடையில் என் கணக்கில் நடந்த லாகின், பரிவர்த்தனைப் பதிவுகளை அழிக்காமல் வைத்திருக்கவும். காவல்துறையில் புகார் கொடுக்கவிருக்கிறேன், அவர்கள் கேட்கும்போது தேவைப்படும்." பதிவுகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிடும் நிறுவனங்கள் உண்டு. ஆகவே இந்த வரியை முதல் கடிதத்திலேயே எழுதி, புகார் எண் வந்ததும் அதையும் தாளின் அடியில் குறித்துக்கொள்ளுங்கள்.